தன்பாத்: ரயில் பலகையில் படித்த ஊரைப் போய்ப் பார்க்கலாமா?

ஈரோட்டுப்_பயணி

நண்பர்களுக்கு வணக்கம். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் ஈரோடு ஜங்ஷனில் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, நிற்கிற வண்டிகளின் பலகைகளை வாய்விட்டுப் படிப்பேன். அடிக்கடி கண்ணில் பட்டது 'ஆலப்புழா – தன்பாத்'. பழைய பழக்கத்தில் சிலர் இன்றும் அதைப் பொக்காரோ வண்டி என்பார்கள். ஜார்க்கண்டில் இருக்கும் அந்தத் தன்பாத் எப்படி இருக்கும் என்று கேட்டால் அப்பா சொல்வது ஒன்றுதான்: "கரி ஊருடா. போய் இறங்கினால் வேட்டி கறுத்துவிடும்." அவரும் அங்கே போனதில்லை, அவர் பணி எல்லை அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

இப்போது அவருக்கு 72 வயது. பிப்ரவரி கடைசியில் நான், மனைவி, அப்பா மூவரும் அந்த வண்டியிலேயே கடைசி ஸ்டேஷன் வரை போகலாம் என்று இருக்கிறோம். ஊரில் ஐந்து நாள் தங்கலாம். "தன்பாத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்காதவர்கள் இல்லை. இணையத்தில் தேடினால் பக்கத்து ஜரியாவில், அடியில் கரி தீப்பற்றி எரியும் நிலம் மட்டும்தான் வருகிறது. அது தவிர அந்த மாவட்டத்தில் பார்க்க, தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

தண்டவாளப்_பிரியன்

முதலில் வண்டி விஷயம். ஈரோட்டில் ஏறினால் இரண்டு இரவு வண்டியில்தான். விஜயவாடா, விசாகப்பட்டினம், ராயகடா, சம்பல்பூர், ரூர்கேலா, ராஞ்சி, பொக்காரோ என்று போகும். ராயகடா பக்கம் கிழக்கு மலைத்தொடரைக் குறுக்கே கடக்கிற இடம் அழகு. அந்த நேரம் தூங்கிவிடாதீர்கள்.

அப்பா ரயில்வேக்காரர் என்பதால் இன்னொன்று. பொக்காரோ தாண்டியபின் சந்திரபுராவிலிருந்து தன்பாத் வரை சுமார் 34 கிலோமீட்டர் ஒரு கிளைப் பாதை. தன்பாத்–சந்திரபுரா என்பதைச் சுருக்கி டி.சி. லைன் என்பார்கள். கத்ராஸ், சோனார்டி வழியாக நேராக நிலக்கரி வயலுக்குள் போகிறது. அடியில் தீ பரவிவிட்டது என்று 2017 ஜூனில் அந்தப் பாதையை மொத்தமாக மூடினார்கள். இந்த வண்டியையும் பக்கத்து ஜங்ஷனான கோமோ வழியாகத் திருப்பிவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். அந்தப் பகுதியில் வண்டி மெதுவாகப் போகும்போது ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள். கறுப்பு மண் மேடுகள், அவற்றின் நடுவே கடுகு வயல், ஒரு குளம், குளத்தில் எருமை என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும்.

தன்பாத் கோட்டம் சரக்கு ஏற்றுவதில் நாட்டிலேயே முன்னணியில் இருப்பது. கரி வேகன்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கும்.

பழைய_கோலியரிக்காரன்

ஈரோட்டுத் தம்பிக்கு. நான் 1980களில் தன்பாத் ஐ.எஸ்.எம்.மில், அதாவது இந்தியச் சுரங்கவியல் கல்லூரியில் படித்தேன். 1926இல் தொடங்கிய கல்லூரி, 2016இல் ஐ.ஐ.டி. ஆனது. அப்புறம் ஜரியா பக்கம் சுரங்கத்தில் 19 வருடம் வேலை. இப்போது திருச்சியில் இருக்கிறேன். என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு முதலில் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நிலத்தின் அடியில் கிடப்பது கோண்டுவானா கரி. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. எல்லாவற்றுக்கும் அடியில் தால்ச்சிர் என்னும் பாறை. அதில் பனிப்பாறைகள் இழுத்து வந்து போட்ட உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். அதாவது இன்று மே மாதத்தில் அனல் பறக்கிற அந்த ஊர் ஒரு காலத்தில் பனியில் உறைந்து கிடந்தது. பனி விலகியபின் வந்த சதுப்புக் காடுதான் கரி. அந்தக் கரி இருக்கும் பாறைக்குப் பராக்கர் என்று பெயர், பக்கத்தில் ஓடும் பராக்கர் ஆற்றை வைத்துப் புவியியலாளர்கள் சூட்டியது. ஜரியாவில் முக்கியமான கரி அடுக்குகள் 18. கீழிருந்து மேலாக ரோம எண்களில் சொல்வோம். வெட்டி எடுத்த துண்டைப் பிளந்தால் சில சமயம் நாக்கு வடிவத்தில் ஓர் இலை அச்சாகப் பதிந்திருக்கும். குளோசாப்டெரிஸ், அந்தக் காலத்தோடு அழிந்துபோன ஒரு மரவகை. முதல் முறை அதைக் கையில் எடுத்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சில இடங்களில் பூமிக்குள்ளிருந்து எரிகுழம்பு கரி அடுக்குக்குள் புகுந்து கரியை வேகவைத்திருக்கும். அப்படி வெந்த கரிக்கு அங்கே 'ஜாமா' என்று பெயர். சுரங்கக் குழிக்கு 'சானக்'. கரி வெட்டுகிறவர் 'மல்கட்டா'. தொழிலாளர் வரிசை வீடுகள் 'தௌடா'. மேற்கூரைக்கு 'சால்'. "சால் கிர்கயா", கூரை விழுந்துவிட்டது என்று யாராவது கத்தினால் உடம்பு நடுங்கும். இந்தச் சொற்களைத் தெரிந்துகொண்டு போனால் டீக்கடையில் மனிதர்கள் உங்களிடம் வேறு மாதிரி பேசுவார்கள்.

ஏன் அந்த ஊருக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்றால், எஃகு உருக்கத் தேவையான முதல்தரக் கோக்கிங் கரி இந்தியாவில் கிடைப்பது ஜரியாவில்தான். ஜம்ஷெட்பூர், பர்ன்பூர், துர்காபூர், பொக்காரோ உலைகள் எல்லாம் அந்தப் பக்கத்தைச் சுற்றியே எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தீயைப் பற்றி. முதல் தீ 1916இல் பவ்ராவில் பதிவானது. கரி காற்றில் பட்டால் தானாகச் சூடேறும். தனியார் முதலாளிகள் காலத்தில் கரியை எடுத்துக்கொண்டு, குழியை மணல் போட்டு நிரப்பாமல் அப்படியே விட்டுப் போனார்கள். தாங்குவதற்கு விட்ட கரித் தூண்கள் நொறுங்கின, வெடிப்பு வழியாகக் காற்று இறங்கியது, பற்றிக்கொண்டது. கோக்கிங் கரிச் சுரங்கங்களை 1972இல் அரசு எடுத்துக்கொண்டபோது பல தீக்கள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. இப்போது மேலே தெரியும் தீ இடங்கள் 77இலிருந்து 27 ஆகக் குறைந்துவிட்டன என்பது அரசின் கணக்கு.

வெண்மணல்

ஐயா எழுதியதை விரும்பிப் படித்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து ஜரியாவைச் சுற்றுலாப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நான் ஒரு தொண்டு வேலையாக அங்கே மூன்று மாதம் இருந்தேன். காலை நான்கு மணிக்குக் கூடையோடு கரி பொறுக்கப் போகும் பெண்களை, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நின்று படம் பிடிக்கிறார்கள். புகைக்கு நடுவே ஒரு குழந்தையின் முகம் கிடைத்தால் போதும், கிளம்பிவிடுகிறார்கள். ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "போன வருஷமும் ஒருத்தர் எடுத்தாரே, அந்தப் படம் எங்கே?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, ஆபத்து. 2017 மே மாதம் ஜரியாவில் ரோட்டோரம் திடீரென்று திறந்த பள்ளத்தில் மகன் விழ, காப்பாற்றப் போன தந்தையும் விழுந்து, இருவரும் இறந்தார்கள். அது சுரங்கத்துக்குள் நடந்ததல்ல, ஜனங்கள் நடமாடும் இடம். 72 வயது பெரியவரை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

நெய்வேலி_வடக்கு

நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன் நான். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பஸ் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்த ராட்சதச் சக்கர இயந்திரம் மண்ணைச் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொன்னோம். ஆனால் நிலம் கொடுத்தவர் வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவன் அன்று பஸ்ஸிலிருந்து இறங்கவே இல்லை. "அதோ அங்கேதான் எங்க கொல்லை இருந்தது" என்று மட்டும் சொன்னான். வெண்மணல் அக்கா சொல்வது எனக்குப் புரிகிறது.

கோலியரிக்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க வழி உண்டா?

பழைய_கோலியரிக்காரன்

நெய்வேலித் தம்பி, இல்லை. பார்வையாளர்களுக்கு அது திறந்த இடம் இல்லை, அனுமதியின்றி உள்ளே போவது குற்றமும்கூட. நிலத்துக்கு அடியில் இறங்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் நாக்பூர் பக்கம் சாவனேர் சுரங்கத்தில் 2016 முதல் சுற்றுலாவுக்கென்றே ஏற்பாடு இருக்கிறது. தன்பாத்தில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். "நான் காட்டுகிறேன் வாங்க" என்று யாராவது பணம் கேட்டால் போகவே கூடாது.

வெண்மணல் அம்மா சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கேமராவோடு தீயைத் தேடிப் போவது தவறு. ஆனால் ஜரியாவைத் தீ என்ற ஒரே சொல்லில் அடைப்பதும் அந்த ஊருக்குச் செய்யும் அநியாயம். அது ஒரு ராஜா இருந்த ஊர். அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸின் இரண்டாவது மாநாடு 1921இல் நடந்தது அங்கேதான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த தலைவர்கள் அந்தக் கரி ஊருக்கு வந்து கூடினார்கள். குஜராத்திக் கச்சி வணிகர், வங்காளி பாபு, பிலாஸ்பூர்த் தொழிலாளி, போஜ்புரி பேசுகிறவர், சந்தால் பழங்குடியினர் என்று எல்லாரும் கலந்த கடைத்தெரு. ராஜா சிவ பிரசாத் பெயரில் இருந்த கல்லூரியையே தீயால் காலி செய்தார்கள். 2009இல் போட்ட மறுகுடியமர்த்தும் திட்டம் இன்னும் முடியவில்லை, 2025இல் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பெல்கடியாவில் கட்டிய வீடுகளுக்குப் போனவர்கள் பலருக்கு அங்கே பிழைப்பு இல்லை. பகலில் அவர்கள் மறுபடி ஜரியாவுக்கே வந்து நிற்கிறார்கள்.

கடைத்தெருவுக்குப் போகட்டும், ஒரு டீ குடிக்கட்டும், நாலு பேரோடு பேசட்டும். போகாமலே இருந்தால் அந்த ஊர் படத்தில் மட்டும்தான் இருக்கும்.

வெண்மணல்

கடைத்தெரு வரை என்றால் சரி ஐயா. கூட உள்ளூர்க்காரர் ஒருவர் இருக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது.

கல்வெட்டுக்காரி

நான் ஆறு வருடமாக ஆசன்சோலில் இருக்கிறேன், கணவருக்கு வங்கி வேலை. ஊர் ஊராகக் கோயில் தேடி அலைவது என் பழக்கம். தன்பாத் மாவட்டம் பழைய மான்பூம் மாவட்டத்திலிருந்து 1956இல் பிரித்தது. மற்ற பாதி மேற்கு வங்கத்தில் புருலியாவாக இருக்கிறது. எனவே மாவட்ட எல்லையை மறந்துவிட்டு ஆற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். தாமோதரும் பராக்கரும்தான் இங்கே வழிகாட்டி.

ஒரு முழு நாள் மைத்தோனுக்குக் கொடுங்கள். பராக்கர் மீது 1957இல் கட்டிய அணை. 1943இல் தாமோதரில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அமைப்பை மாதிரியாக வைத்து 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது, அது கட்டிய நான்கு பெரிய அணைகளில் ஒன்று. மின் நிலையம் நிலத்துக்குள்ளே இருக்கிறது. ஏரிக்குள் சின்னச் சின்னத் தீவுகள், படகு போகும். பக்கத்திலேயே கல்யாணேஸ்வரி கோயில். 'மாயீ கா ஸ்தான்', அம்மன் இருக்கும் இடம், அதுவே மைத்தோன் ஆனது என்று உள்ளூரில் சொல்வார்கள்.

அடுத்தது பஞ்சேத். தாமோதர் மீதுள்ள அணை, 1959 டிசம்பர் 6 அன்று திறந்தது. நேரு வந்திருந்தார், ஆனால் பொத்தானை அழுத்தச் சொன்னது அணையில் வேலை பார்த்த புத்னி மஞ்சியாயின் என்ற 15 வயதுச் சந்தால் பெண்ணை. அவர் நேருவுக்கு மாலை போட்டு வரவேற்றதை வைத்து, நீ அவருக்கு மனைவியாகிவிட்டாய், அவர் நம் இனமில்லை என்று ஊர் அவரை விலக்கி வைத்தது. பின்னாளில் வேலையும் போயிற்று. 1980களில்தான் திரும்பக் கிடைத்தது. 2023 நவம்பரில் காலமானார். அணைச் சுவரில் நிற்கும்போது அவரை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அந்த நீருக்கு அடியில் தேல்குபி இருக்கிறது. பழைய பெயர் தைலகம்பி. தாமோதரின் தென்கரையில் வரிசையாகக் கற்கோயில்கள் இருந்த ஊர். 1870களில் பெக்லர் என்ற ஆய்வாளர் வந்து, சோட்டா நாக்பூர் வட்டாரத்தில் இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை நேர்த்தியான கோயில்கள் வேறெங்கும் இல்லை என்று எழுதிவைத்தார். பஞ்சேத் நிரம்பியபோது கிட்டத்தட்ட எல்லாம் மூழ்கின. தொல்லியல் துறைக்குச் செய்தி எட்டியபோது காலம் கடந்துவிட்டது. பின்னாளில் அத்துறையின் முதல் பெண் தலைமை இயக்குநராக ஆன தேபலா மித்ரா, அப்போது அங்கே போய், எஞ்சியதையும் பழைய குறிப்புகளையும் சேர்த்துப் பதிவு செய்தார். அவர் மட்டும் அதைச் செய்யாமல் இருந்தால் பெயர்கூட மிஞ்சியிருக்காது. இன்றும் ஒரு கோயில் நீருக்குள் நிற்கிறது. கோடையில் நீர் வற்ற வற்ற மேலே வரும். பிப்ரவரியில் மீன்பிடிப் படகில்தான் போக வேண்டும். புருலியா பக்கக் கிராமத்திலிருந்து படகு கிடைக்கும்.

திரும்பும் வழியில் பராக்கர் ஊரில் பேகுனியா கோயில்கள். நான்கு கல் தேவுல்கள், அதாவது வளைந்த கோபுரமுள்ள கோயில்கள். கத்திரிக்காய்க்கு வங்காளத்தில் பேகுன், கோபுரம் அந்த வடிவில் இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அவற்றில் மிகப் பழையது பொது ஆண்டு எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது. நம் பக்கத்துப் படிப்படியான விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரே வளைவாக மேலே போகும் அந்த வடிவம் முதலில் பிடிபடாது. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

தண்டவாளப்_பிரியன்

கோமோவை யாரும் சொல்லவில்லையே! 1941 ஜனவரியில் நேதாஜி கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து தப்பி, அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய காரில் இரவோடு இரவாக வந்தது தன்பாத் பக்கம் பராரிக்கு. அங்கே சிசிரின் அண்ணன் வீடு. ஒரு பகல் முகமது ஜியாவுதீன் என்ற பெயரில் விருந்தாளியைப் போல இருந்துவிட்டு, இரவில் கோமோவில் கால்கா மெயில் ஏறினார். 2009இல் அந்த ஸ்டேஷனுக்கு அவர் பெயர் வைத்தார்கள். தன்பாத்திலிருந்து பாசஞ்சரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

காட்பாடி_செவிலி

நான் இடம் எதுவும் சொல்லத் தெரியாதவள். வேலூரில் செவிலியாக இருக்கிறேன். இதே வண்டியில் தன்பாத், பொக்காரோ பக்கத்திலிருந்து நோயாளிகள் காட்பாடியில் வந்து இறங்குவார்கள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கரிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, மூச்சுக்குச் சிரமப்பட்டுக்கொண்டே, என்னிடம் தன் ஊரின் பலாச மரங்களைப் பற்றிச் சொன்னார். பங்குனி பிறக்கும் முன்னால் இலை ஒன்று இல்லாமல் காடே சிவப்பாகிவிடுமாம். போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கல்வெட்டுக்காரி

செவிலித் தங்கை சொன்னது மிகச் சரி. பலாசம் என்பது நம் புரசுதான், புரசைவாக்கத்தின் பெயரில் இருக்கும் அதே மரம். பிப்ரவரி கடைசியில் மொட்டு விடும், மார்ச் முதல் வாரம் முழுக்கப் பூக்கும். கூடவே இலுப்பையின் உறவான மஹுவாவும் பூக்கும். முடிந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள்.

ஈரோட்டுப்_பயணி

எல்லாருக்கும் நன்றி. பயணத்தை மார்ச் 3க்கு மாற்றிவிட்டேன். அப்பா எல்லாப் பதிவுகளையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கோமோ என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாரஸ்நாத் மலை ஏற முடியுமா என்றும் கேட்கிறார்.

பழைய_கோலியரிக்காரன்

பாரஸ்நாத் பக்கத்து கிரிடி மாவட்டம். 24 தீர்த்தங்கரர்களில் 20 பேர் முக்தி அடைந்த மலை என்று சமணர்கள் போற்றுவது. சந்தால்களுக்கு அது மராங் புரு, பெரிய மலைத் தெய்வம். ஏறி, மேலே சுற்றி, இறங்க 27 கிலோமீட்டர். அப்பாவுக்கு வேண்டாம். தோப்சாஞ்சி ஏரிக்கரையில் உட்கார்ந்தால் மலை எதிரே தெரியும். ஜரியாவின் குடிநீருக்காக ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய ஏரி, சுற்றிலும் சால மரக்காடு. அது போதும்.

சாஸ்நாலா கரிச் சுரங்கத்து ஊருக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 1975 டிசம்பர் 27 அன்று, மேலே தண்ணீர் தேங்கியிருந்த பழைய குழி உடைந்து சுரங்கத்துக்குள் கொட்டியது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 375 பேர். நினைவுத் தூண் இருக்கிறது. நான் அந்த ஊரில் இருந்த வரையில் ஒவ்வொரு டிசம்பர் 27க்கும் போயிருக்கிறேன்.

தம்பி, ஒரு உதவி. ஜரியாவுக்குத் தெற்கே நான் குடியிருந்த கோலியரிக் குடியிருப்பு ஒன்று உண்டு. பெயரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வாசலில் ஒரு நாவல் மரம் இருக்கும். என் மகள் அதன் கீழேதான் நடக்கப் பழகினாள். வழியில் வந்தால் மட்டும் பாருங்கள், இதற்காகத் தனியாகப் போக வேண்டாம்.

ஈரோட்டுப்_பயணி

போய்விட்டு வந்துவிட்டோம். எழுத உட்கார ஒரு வாரம் ஆகிவிட்டது.

டி.சி. லைனில் அப்பா கதவருகே நின்றபடியே வந்தார். காலை வெயிலில் இருபுறமும் மண் மேடுகள். பழைய மேடுகளில் மரம் வளர்ந்து குன்று போலவே ஆகிவிட்டன, புதியவை மொட்டையாக நிற்கின்றன. ஒரு இடத்தில் தண்டவாளத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் தரையிலிருந்து வெள்ளைப் புகை. அப்பா தன் பழக்கத்தில் கையை வெளியே நீட்டி, அடுத்த பெட்டிகள் சரியாக வருகின்றனவா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் ஓய்வு. மாலையில் ரோட்டோரம் லிட்டி சோக்கா. சுட்ட மாவு உருண்டையை நெய்யில் தோய்த்து, சுட்ட கத்திரிக்காய் மசியலோடு தருகிறார்கள். மறுநாளிலிருந்து காலை உணவு பொரியும் கொண்டைக்கடலைக் குக்னியும்தான், மனைவி அதை வீட்டில் செய்ய ஆரம்பித்துவிட்டாள். ஒன்றைக் கவனித்தோம். சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கரியைக் கட்டி, ஏறி ஓட்டாமல், மேட்டில் தள்ளிக்கொண்டே போகிறார்கள். சைக்கிளே தெரியாத அளவுக்குப் பாரம். நாங்கள் காரில் கடந்து போன ஒருவரை மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பும்போது அதே ரோட்டில் பார்த்தோம்.

மைத்தோன் அழகு, படகில் போனோம், அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. தேல்குபியைத்தான் எழுத வேண்டும். அக்கா சொன்ன வழியில் போய் மீனவர் ஒருவரின் படகில் ஏறினோம். கரையிலிருந்து பார்த்தால் நீரில் ஒரு கறுப்பு முனை. கிட்டே போகப் போக அது கல்லாக, வளைவாக, கோயிலாக ஆனது. வாசல் பாதி நீரில். உள்ளே மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டு, தன் பாட்டியின் வீடு இந்தக் கோயிலுக்கு வடக்கே என்று சொன்னார். வடக்கே எல்லாம் தண்ணீர். கோடையில் நீர் இறங்கும்போது பழைய செங்கல் தெரியும், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார். கரை ஏறும் வரை நாங்கள் மூவரும் பேசவில்லை.

திரும்பும்போது பலாசம். செவிலி அக்கா, உங்கள் தாத்தா சொன்னது அத்தனையும் உண்மை. இலை இல்லாத கிளையில் கிளி மூக்கு மாதிரி சிவந்த பூ, மேடு முழுக்க. கரிப் புழுதி படிந்த மரத்திலும் பூ மட்டும் அப்படியே சிவப்பாக இருந்தது. நான்கைந்தை எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன்.

கோமோவில் அப்பா பிளாட்பாரத்தில் நேதாஜி சிலை முன் நின்று செருப்பைக் கழற்றினார். அங்கே பணியில் இருந்த ஒரு இளம் கார்டுக்கு அப்பாவும் கார்டு என்று தெரிந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். இருவருக்கும் பொது மொழி சரியாக இல்லை. பிரேக் வேன், விசில், பச்சைக் கொடி என்று அரை மணி நேரம் பேசினார்கள்.

சிந்த்ரிக்கும் போனோம். நேரு 1952இல் திறந்த உரத் தொழிற்சாலை, பொதுத்துறையில் நாட்டின் முதலாவது. 2002இல் மூடினார்கள், இப்போது புதிய ஆலையாக 2024 முதல் ஓடுகிறது. ஆலையை வெளியிலிருந்துதான் பார்த்தோம், எனக்குப் பிடித்தது அந்தப் பழைய நகரத்தின் மரம் அடர்ந்த தெருக்கள். சாஸ்நாலா தூணில் பெயர்களைப் படித்தோம். அப்பா ஒவ்வொன்றாக, மெதுவாக.

கடைசி நாள் ஜரியா. தங்கிய இடத்தில் அறிமுகமான பள்ளி ஆசிரியர் ஒருவர் கூட வந்தார். வெண்மணல் அக்கா, போனைப் பையிலேயே வைத்திருந்தோம். கடைத்தெருவில் இரண்டு மணி நேரம் இருந்தோம். துணிக்கடை, நகைக்கடை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், கல்யாண ஊர்வலம், எல்லா ஊரையும் போல. காற்றில் மட்டும் ஒரு கந்தக வாசனை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருப்பதாக ஒரு கடைக்காரர் சொன்னார். "எங்கள் கடன் பாக்கி எல்லாம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. இங்கே கொடுத்தவர்கள் அங்கே வருவார்களா?" என்று கேட்டார். ஆசிரியர் அதை எனக்கு மொழிபெயர்க்கும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

கோலியரிக்காரர் ஐயாவுக்கு. நீங்கள் அனுப்பிய பெயரை ஆசிரியரிடம் காட்டினேன். ஊருக்குத் தெற்கே, ரோட்டிலேயே வேலி போட்ட ஒரு இடத்தில் நிறுத்தினார். வேலிக்கு அப்பால் பெரிய திறந்தவெளிச் சுரங்கம், கீழே லாரிகள் எறும்பு போல. பக்கத்து டீக்கடைப் பெரியவரிடம் அந்தக் குடியிருப்பு எங்கே என்று கேட்டோம். அவர் குழியைக் காட்டவில்லை. கையை நேராக, வேலிக்கு மேலே, வெறும் காற்றில் நீட்டி, "அங்கே இருந்தது, இந்த ரோட்டு மட்டத்தில். நாவல் மரம்தானே? இருந்தது" என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சின்னப் பெண் குழந்தை இருந்த மதராசி சாகிப்பா?" என்று கேட்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

பழைய_கோலியரிக்காரன்

தம்பி, மூன்று முறை படித்துவிட்டேன். மகளுக்கும் அனுப்பினேன், இப்போது அவள் இருப்பது புனேயில். போன் செய்து, மரத்தை அவர் நினைவில் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அந்த டீக்கடைப் பெரியவர் வலது கையில் இரண்டு விரல் இல்லாதவரா? அப்படி என்றால் எனக்கு அவரைத் தெரியும்.

ஈரோட்டுப்_பயணி

ஆமாம் ஐயா. வலது கை. இரண்டு விரல்.

பழைய_கோலியரிக்காரன்

வரும் டிசம்பர் 27க்குச் சாஸ்நாலா போகிறேன். திருச்சியிலிருந்து ஈரோடு வந்து அந்த வண்டியைப் பிடிக்க வேண்டும். உங்கள் அப்பாவையும் கேட்டுச் சொல்லுங்கள், இரண்டு டிக்கெட்டாகப் போட்டுவிடுகிறேன்.